வடிவக்காவின் மாதிரிப் பாடம்

பேசக் கூடாது. இன்ஸ்பெக்டர் ரங்காச்சாரியார் வாசலிலேயே சொல்லிவிட்டார், கடைசி பெஞ்சில் உட்காரலாம், பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது, தலையைக்கூட ஆட்டக் கூடாது, பாடம் எடுக்கிற அம்மாளுக்குத் துணையாக உங்களிடமிருந்து ஒரு கனைப்பு வந்தாலும் உபாத்திச்சிப் பரீட்சை செல்லாது என்று. சரிங்கய்யா என்றேன். சரி என்று சொன்ன வாய் இப்போது தன் நாக்கையே கடித்துக்கொண்டு இருக்கிறது. வடிவக்கா இன்னும் ஆரம்பிக்கவில்லை. நிற்கிறாள். பாளையங்கோட்டையில் பையன்கள் படிக்கிற பெரிய பள்ளிக்கூடத்தின் இந்த நீள ஹால் பொங்கல் லீவில் காலியாகக் கிடக்கிறது, முன்பக்கம் மட்டும் பரீட்சைக்கென்று கூட்டிவந்து உட்கார்த்திய சின்னப் பெண்பிள்ளைகள் வரிசையாக இருக்கிறார்கள், எல்லாக் கண்ணும் அவள் மேலே, அவளோ ஜன்னலைப் பார்த்தபடி நிற்கிறாள். நாற்பதைத் தாண்டின பொம்பிளை. வெள்ளைச் சீலை, நெற்றி நிறையத் திருநீறு. திருநெல்வேலி டவுனில் பெரிய பிள்ளைமார் வீட்டு மூத்த மருமகள், மீசை முளைத்த கையோடு புருஷன் செத்துப்போக இருபது வயதுக்குள் தாலியறுத்தவள், அதற்கப்புறம் கோயிலானாலும் குளியலானாலும் விடியுமுன்னே போய் விடியுமுன்னே திரும்பினவள், கொழுந்தனிடம் பேசுவதென்றாலும் கதவுக்குப் பின்னால் நின்று பேசினவள். அவளுக்கு எதிரே ஆண்பிள்ளை அதிகாரி ஒருவர் தலைப்பாகையும் கோட்டுமாக நாற்காலியில் உட்கார்ந்து கிராம்பு மென்றுகொண்டிருக்கிறார். ஆரம்பிங்க அக்கா. பிள்ளைகளா இது என்ன என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டும், அடுப்படியில் சுவரைப் பார்த்து எத்தனை தரம் சொன்னீங்க, சொல்லுங்க. கர்த்தரே. நான் கர்த்தரைக் கூப்பிடுகிறேன், அவள் காந்திமதியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள், இரண்டு பேரில் யாராவது ஒருத்தர் சீக்கிரம் வாருங்கள், எங்களுக்குள் சண்டை இல்லை, யார் வந்தாலும் சம்மதம்.

மணிச்சத்தம் கேட்கிறது. வெளியே வாகை மரத்தடியில் நிற்கிற வில்வண்டி மாடு தலையை ஆட்டுகிறது. அந்த வண்டியைப் பற்றி நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள்ளே கொழுந்தனார் குற்றாலலிங்கம் பிள்ளை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியவில்லை, சொல்ல முடிந்தால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். அன்றைக்கு முற்றத்தில் நின்று இவளிடம் சொன்னார், "மதினி, ஊரே எம் மூஞ்சியில காறித் துப்புது, பெரிய வீட்டுப் பொம்பிளை பஞ்சுக் கிட்டங்கியில பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கப் போறாளாமேன்னு கேக்காங்க. ஒரே ஒரு தடவை. சர்க்கார் பரீட்சையில தேறிட்டா நான் வாயைத் தொறக்கல. தேறலைன்னா அதே வண்டியில வீட்டுக்கு வந்திரணும். பொறவு அந்தப் பேச்சே எடுக்கப்படாது." கதவுக்குப் பின்னாலிருந்து இவள் சரி என்றாள். ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதுக்கு அக்கா சரின்னீங்க என்று பிறகு நான் பதறினபோது, "தேறிருவேம்லா" என்று சொல்லிவிட்டு உளுந்து புடைக்கப் போய்விட்டாள். அவள் போகட்டும், பள்ளிக்கூடம்? அங்கீகாரம் வேண்டுமென்றால் தேறின உபாத்திச்சிகள் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது சர்க்கார் சட்டம். அங்கீகாரம் இருந்தால்தான் சித்திரைக்கு மேலும் அங்கே இருக்கலாம் என்பது, மூட்டை அடுக்குகிற கிட்டங்கியைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டிருக்கிற பஞ்சு வியாபாரியின் சட்டம். தேறினவள் நான் ஒருத்தி. இன்னொருத்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எழுத்துப் பரீட்சையில் என்னைவிட நன்றாகவே எழுதினாள், கையெழுத்து கோலம் மாதிரி இருந்தது என்று யாரோ சொன்னார்களாம், ஆனால் எழுத்துப் பரீட்சையில் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லையே. அவளுக்குச் சத்தம் வெளியே வர வேண்டும். இருபது வருஷத்துக்கு மேலாகச் சத்தத்தை அடக்கிப் பழகின தொண்டை. வரவில்லையானால் அந்தக் கிட்டங்கியில் பாய் விரித்து உட்கார்ந்து எழுத்துக்கூட்டுகிற அத்தனை பெண்களும் மறுபடி அவரவர் அடுப்படிக்குப் போவார்கள், அங்கே பஞ்சு மூட்டை வந்து உட்காரும். எத்தனை பேர்? பார், அந்தக் கேள்வி வந்துவிட்டது. எங்கே சுற்றினாலும் வந்து முள்ளாகத் தைக்கிற கேள்வி அது. எத்தனை பேர், தொற்காள்?

மிஸ் பிளெட்சர் அம்மா என் பேரைச் சொல்லிக் கேட்கிற கேள்வி. மாதம் முடிந்தால் மிஷன் பங்களா தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, தன் சுத்தமான தமிழில் கேட்பார்கள், எத்தனை பேர் வசனம் கேட்டார்கள், எத்தனை பேர் விசுவாசித்தார்கள் என்று. கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. என் புருஷன் உபதேசியாராக இருந்து வாந்திபேதியில் ஒரே ராத்திரியில் போனபோது, பிள்ளை குட்டி இல்லாத என்னைத் தூக்கி நிறுத்தி, உனக்குக் குரல் இருக்கிறது, வாசிக்கத் தெரிகிறது, வீட்டை விட்டு வெளியே வராத பெண்களிடம் நாங்கள் போக முடியாது, நீ போ என்று ஊழியத்தில் வைத்தவர்கள் அவர்கள்தான். அப்படித்தான் நான் வேதக்காரி ஆனேன். கையில் வேதபுத்தகப் பை, தெருத்தெருவாக நடை. பனையேறி மகள் நான், தேரிக்காட்டுச் சிவந்த மணல் ஒட்டின பாதம், எனக்கு டவுன் வீடுகளில் எந்தக் கதவு திறக்கும்? முன்கதவு கிடையாது. தொழுவத்துச் சந்து வழியாகப் போய்ப் பின்கதவில் நின்று குரல் கொடுக்க வேண்டும். சில வீட்டில் தண்ணீரை மேலே கொட்டினார்கள், சில வீட்டில் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். நான் பயந்து பயந்து பிரசங்கம் பண்ணினேன், பயம் தெரியாமலிருக்கச் சத்தமாகப் பண்ணினேன். அப்படி ஒரு பின்கதவில்தான் இவள் உட்கார்ந்திருந்தாள், உள்ளே நிலைப்படியை ஒட்டி, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு. நான் சந்தில் மாட்டுச் சாணிக்குப் பக்கத்தில் நின்று கெட்ட குமாரன் வீட்டுக்குத் திரும்பின கதையை வாசித்தேன். கேட்டாள். முடியுமுன்னே கையை நீட்டி நிறுத்தினாள். "ஏ வேதக்காரி, நில்லு. எங்க மாமனார் இருந்தப்போ முன்கட்டுல ஒருத்தர் புராணம் வாசிப்பாரு, நாங்க பொம்பிளைக எல்லாம் உள்கட்டுல இருந்து கேப்போம். பாதியில அவரு செத்துப்போனாரு. மிச்சம் என்னாச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பொஸ்தகம் பரண்லதான் கெடக்கு." அதற்கும் எனக்கும் என்ன என்று நினைத்தேன். "நீ வாசிச்சது போதும். எனக்கு வாசிக்கச் சொல்லிக்குடு. நீயும் பாதியில செத்துப்போனா நான் என்ன செய்ய?" என்று கேட்டாள். என்ன ஒரு கேள்வி. நான் செத்துப்போவேன் என்பதை என் முகத்துக்கு நேரே வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். வசனம் கேட்க வைப்பதற்காக எழுத்துச் சொல்லிக்கொடுக்கலாம், தப்பில்லை என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, சந்து மண்ணில் விரலால் அ எழுதினேன். அவள் நிலைப்படிக்கு உள்ளே தவிட்டைப் பரப்பி அதைப் பார்த்து எழுதினாள். நடுவிலே நிலைப்படி. நான் தாண்டக் கூடாது, அவளும் தாண்டக் கூடாது, எழுத்து மட்டும் தாண்டினது.

"பிள்ளைகளா." சத்தம். அவள் சத்தம்தானா? ஆமாம், ஜன்னலை விட்டுத் திரும்பிவிட்டாள். மெதுவாகத்தான் வருகிறது, கடைசி பெஞ்சுக்கு எட்டுகிற மட்டுக்கு வருகிறது, போதும் அக்கா, போதும். "எல்லாரும் இன்னைக்கு எதுல குளிச்சிய?" என்று கேட்கிறாள். இது என்ன, பிள்ளைகளா இது என்ன என்றல்லவா ஆரம்பிக்க வேண்டும்? கிணத்துல என்கிறது ஒரு பிள்ளை, ஆத்துல என்கிறது இன்னொன்று, குளிக்கவே இல்ல என்று ஒன்று உள்ளதைச் சொல்லிவிட, எல்லாம் சிரிக்கின்றன. அவளும் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே படத்தைப் பிரித்துச் சுவரில் ஆணியில் மாட்டுகிறாள். இன்ஸ்பெக்டர் கிராம்பு மெல்லுவதை நிறுத்திவிட்டார். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும். கடையில் வாங்கின படம் இல்லை அது. எங்களிடம் ஜில்லாப் படம் கிடையாது, பெரிய பள்ளிக்கூடங்களில் கேட்டால் தர மாட்டார்கள், என்ன செய்யலாம் என்று நான் கையைப் பிசைந்தபோது, "வெள்ளைச் சீலைக்கா எங்கிட்ட பஞ்சம்?" என்று தன் பழஞ்சீலை ஒன்றை எடுத்து விரித்தாள். வண்ணானிடம் நீலம் வாங்கிக் கரைத்து ஆற்றை வரைந்தாள். மஞ்சளில் வயல், விளக்குக் கரியில் மலை. குங்குமத்தில் ஊர்ப்பொட்டு வைத்தபோது அவள் விரல் கொஞ்சம் நின்றது, நான் பார்த்தேன், அவ்வளவு வருஷமாகத் தொடாத குங்குமம், ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பாபநாசத்துக்கு ஒன்று, அம்பாசமுத்திரத்துக்கு ஒன்று, சேரமாதேவிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே போனாள், ஸ்ரீவைகுண்டம் தாண்டிக் கடலுக்குப் பக்கத்தில் புன்னைக்காயலுக்கும் வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனாள். இப்போது அந்தச் சீலை முழு அகலத்துக்கும் சுவரில் தொங்குகிறது. மேற்கே மலை, கிழக்கே கடல், நடுவே நீலமாகப் பொருநை. ஜன்னல் காற்றில் ஆறு அசைகிறது. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கின்றன.

அவள் முதன்முதலில் தானாக வாசித்ததும் இப்படித்தான், நான் நினைத்த இடத்தில் இல்லை. வேதத்தில் ஒரு வசனத்தை அவள் தானாக வாசிக்கும் நாளுக்காக நான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். அவள் வாசித்தது பெருங்காயம் மடித்து வந்த கடைக் காகிதம். ஏதோ பழைய பத்திரிகைத் துண்டு. நான் சந்துக்குள் வரும்போதே கதவைத் திறந்துகொண்டு நிலைப்படிக்கு ஓடி வந்தாள், "ஏ வேதக்காரி! யாரோட எருமையோ காணாமப் போயிருக்கு!" என்று. எந்த எருமை, யார் சொன்னது என்று கேட்டால் காகிதத்தை என் முகத்தில் நீட்டுகிறாள். எருமை காணவில்லை. வலது கொம்பு மழுங்கினது. விரல் வைத்து வாசித்துக் காட்டினாள், ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல், எ, ரு, மை. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தோம். அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் போகும்போதெல்லாம், கிடைச்சுதா, கிடைச்சிருக்குமா என்று அந்த எருமையைப் பற்றியே விசாரம். அந்த மழைக்காலத்தில்தான் ஒரு நாள் நான் சந்தில் நனைந்துகொண்டு நின்றபோது, "உள்ள வாங்க" என்றாள். வா இல்லை, வாங்க. மாமியார் உள்கட்டிலிருந்து கத்தினாள், யாரை உள்ள கூப்பிடுத, கொஞ்சமாவது புத்தி இருக்கா என்று. "பொஸ்தகம் நனையுது அத்தை" என்று பதில் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு மணையைத் தள்ளிப் போட்டாள். புத்தகத்தோடு நானும் நனையாமல் உள்ளே உட்கார்ந்தேன். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி வந்தாள், அவளோடு அவள் நாத்தனாள், எதிர்வீட்டுக் கிழவி, தாலியறுத்த இரண்டு பேர், புருஷனுக்குத் தெரியாமல் ஒருத்தி. பரணிலிருந்து அந்தப் புராணம் இறங்கினது. வடிவக்கா விட்ட இடத்திலிருந்து தானே வாசித்து முடித்தாள். கடைசி ஏட்டை மூடிவிட்டு, நல்லவேளை நல்லபடியா முடிஞ்சுது என்று பெருமூச்சு விட்டாள். நான் கிறிஸ்தவள், அவள் வாசித்த அந்தத் தேவதைகளுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் அழுதேன். மாதம் முடிந்தது. எத்தனை பேர் விசுவாசித்தார்கள், தொற்காள்? ஒருவரும் இல்லைங்கம்மா, ஆனால் வாசிக்கத் தெரிந்துகொண்டார்கள். நான் அதைக் கேட்கவில்லையே. தெரியும்ங்கம்மா.

அதற்கப்புறம் மிஷன் கமிட்டி கூடினது. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுகிறவர்களுக்கு மட்டும் எழுத்துச் சொல்லிக்கொடுக்கலாம், மற்றவர்களுக்கு வசனம் மட்டும் போதும், இல்லையென்றால் ஊழியத்தை விட்டு நிற்கலாம். மிஸ் பிளெட்சர் அம்மா அதை என்னிடம் வாசித்துக் காட்டும்போது அவர்கள் குரல் நன்றாக இல்லை. "நீ தேவனுடைய வேலையை விட்டுப் போகிறாயா, தொற்காள்?" என்றார்கள். இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு முன்னால் கால் கூசுகிறது. "அவங்க பாதி எழுத்துல நிக்காங்கம்மா. முடிச்சுட்டு வாரேன்" என்றேன். முடிகிற வேலையா அது? வேதக்கோயிலில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, காசுக்கு ஆசைப்பட்டுப் பிள்ளைமாரோடு சேர்ந்துவிட்டாள் என்றார்கள், காசைக் கண்டால் எனக்கும் சொல்லுங்கள். ராத்திரி படுத்தால் பயம் வரும். நாளைக்கு ஆண்டவர் சந்நிதியில் நின்று என்ன சொல்லுவேன், ஆண்டவரே இத்தனை ஆத்துமாக்களைக் கொண்டுவந்தேன் என்று சொல்ல ஒருத்திகூட இல்லையே, காணாமல் போன எருமையைப் பற்றியா சொல்லுவேன்? அப்படி நினைத்து நினைத்து மெலிந்தேன். வடிவக்கா வீட்டில் இடம் போதாமல் பள்ளிக்கூடம் கிட்டங்கிக்கு மாறியிருந்தது, விடிந்தால் அங்கே போய்ப் பஞ்சுத்தூசியைக் கூட்டிப் பாய் விரிப்பேன், முதல் குரல் அ, ஆ என்று ஆரம்பித்தால் அந்தப் பயம் எங்கேயோ போய்விடும், சாயங்காலம் மறுபடி வரும். இத்தனை வருஷம் இப்படித்தான்.

"இது ஏன் கெழக்கயே ஓடுது? மேக்க ஓடப்படாதா?" யார் கேட்டது? முன்வரிசையில் மூக்கு ஒழுகின சின்னப் பிள்ளை ஒன்று, எழுந்து நின்று சீலை ஆற்றைக் காட்டிக் கேட்கிறது. நாங்கள் பழகின பாடத்தில் இந்தக் கேள்வி இல்லை. வடிவக்கா பிள்ளையைப் பார்க்கிறாள். படத்தைப் பார்க்கிறாள். பேசவில்லை. பதில் தெரியும் அக்கா, உங்களுக்குத் தெரியும், மலை மேடு, கடல் பள்ளம், அவ்வளவுதான், சொல்லிருங்க. பேசவில்லை. ஜன்னல் காற்று நின்றுபோனது. இன்ஸ்பெக்டர் பென்சிலை எடுத்துவிட்டார். என் தொண்டையில் பதில் உருண்டையாக வந்து நிற்கிறது, மேடு, பள்ளம், இரண்டு வார்த்தை, கனைத்தால் போதும், அவள் இந்தப் பக்கம் பார்த்தால் போதும், அவள் பார்க்கவில்லை. சத்தம் போய்விட்டது. நான் பயந்தது வந்துவிட்டது, கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். மாட்டு மணி ஆடுகிறது. கிட்டங்கியில் பஞ்சு மூட்டை ஏறுகிறது. நான் செய்தது தப்போ, ஆற்றைத் தன் போக்கில் விடாமல் இவளைக் கொண்டுவந்து இத்தனை கண்ணுக்கு முன்னால் நிறுத்தினது தப்போ, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு இருந்திருப்பாளே. பென்சில் காகிதத்தைத் தொடுகிறது. தொடாதீங்கய்யா, செத்த நேரம் பொறுங்க. அப்போதுதான் அவள் முகத்தைப் பார்க்கிறேன். பயம் இல்லை அதில். உதட்டுக் கோடியில் என்னமோ இருக்கிறது. அடுப்பில் பால் பொங்குவதற்காகக் கரண்டியோடு நிற்கிறவள் முகம் அது. அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். "நல்ல கேள்வியாக் கேட்டுட்டா இவ" என்கிறாள் நிதானமாக. "நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். ஏன் கெழக்க ஓடுது?" பிறகு ஒரு பிள்ளை, "சூரியனைக் கும்பிடப் போகுது." இன்னொன்று, "மேக்க மலை மறிக்குதுல்லா." "அங்க எருமைக்கடா கெடக்கு, பயந்துக்கிட்டு ஓடியாருது." ஹால் முழுக்கக் கை. வடிவக்கா ஒரு பலகையை எடுத்துச் சாய்த்துப் பிடிக்கிறாள், தண்ணீர்ச் செம்பை அந்த மூக்கொழுகி கையிலேயே கொடுத்து ஊற்றச் சொல்கிறாள். தண்ணீர் சறுக்கி இறங்குகிறது. பலகையைத் திருப்பிச் சாய்க்கிறாள், தண்ணீரும் திரும்புகிறது. பிள்ளை வாயில் விரலை வைத்துக்கொண்டு பார்க்கிறது, சட்டென்று விரலை எடுக்கிறது, "மேட்டுல இருந்து பள்ளத்துக்கு! மலை மேடு! கடல் பள்ளம்!" என்று கத்துகிறது, அந்தக் கத்தல் ஓட்டில் பட்டுத் திரும்புகிறது, தானே கண்டுபிடித்துவிட்டது அது, யாரும் சொல்லவில்லை. இது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. நான் இருந்தால் கேட்ட வாய் மூடுமுன்னே பதிலைச் சொல்லியிருப்பேன், பதில் தெரிந்தவள் சொல்லாமல் இருக்க முடியும் என்பதே எனக்குத் தெரியாது. இவள் இதை எங்கே பிடித்தாள்?

இன்ஸ்பெக்டர் எழுந்து படத்துக்குப் பக்கத்தில் வருகிறார். "அம்மா, ஒரு சந்தேகம். மேற்கே ஓடுகிற ஆறு கிடையவே கிடையாதா?" மடக்குகிறார். வடிவக்கா முந்தானையைச் சரிபண்ணிக்கொள்கிறாள், கதவு இல்லை, திரை இல்லை, ஒரு அந்நிய ஆண்பிள்ளையை நேருக்கு நேர் நிமிர்ந்து பார்க்கிறாள். "உண்டுங்க. இந்த மலைக்கு அங்கிட்டுச் சரிவு மேக்கதான இருக்கு, அங்க ஓடுற ஆறெல்லாம் மேக்கதான் போகும். ஒரே மேகம், ஒரே மழைதான். மலை முதுகுல எந்தப் பக்கம் விழுதுங்கறதுலதான் இருக்கு." "பதில் தெரிந்தும் ஏன் உடனே சொல்லவில்லை? இந்த முறையை எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள்?" "பொஸ்தகத்துல இல்லைங்க" என்று கையை நீட்டி என்னைக் காட்டுகிறாள். "அந்தா இருக்காங்களே, அவங்க எதைக் கேட்டாலும் ஒடனே சொல்லிருவாங்க. எனக்கு எரிச்சல் எரிச்சலா வரும். நான் வாத்திச்சியானா அப்படிச் செய்யப்படாதுன்னு அப்பவே நெனச்சுக்கிட்டேன்." நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை, வாயைப் பொத்தினேன், பொத்தின கைக்கு வெளியே சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வருகிறது, பரீட்சை போய்விட்டதே என்று உயிர் ஒடுங்குகிறது, சிரிப்பும் நிற்க மாட்டேன் என்கிறது. இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். "பாடம் முடிந்துவிட்டது அம்மா. இனிமேல் சிரிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவரும் சிரிக்கிறார். "பத்திரம் சென்னையிலிருந்துதான் வரும். ஆனால் எழுதி அனுப்பப் போகிறவன் நான். முதல் வகுப்பில் தேறிவிட்டார் என்று எழுதப்போகிறேன். பள்ளிக்கூடத்தை நடத்துங்கள், இரண்டு பேரும்." பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறேன். உள்ளே எதையோ தேடுகிறேன், இத்தனை வருஷம் தைத்த முள்ளைத் தேடுகிறேன், எங்கே அது? கேளுங்கள் ஆண்டவரே, இப்போது கேளுங்கள், எத்தனை பேர் என்று. எனக்கு எண்ணத் தெரியவில்லை. நான் சொல்லிக்கொடுத்தவள் சொல்லிக்கொடுக்கிறாள், அவள் சொல்லிக்கொடுத்தது சொல்லிக்கொடுக்கும், நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள், உமக்கு ஸ்தோத்திரம், எனக்குக் கணக்கு வேண்டாம்.

வெளியே வெயில் வெள்ளையாக இறங்கியிருக்கிறது. குற்றாலலிங்கம் பிள்ளை வண்டியிலிருந்து இறங்கி நிற்கிறார், எங்கள் முகத்தைப் பார்த்தவுடன் தெரிந்துகொண்டார், அவர் முகத்தில் ஒன்று வருகிறது, போகிறது, என்னதான் வந்தது என்று எனக்கே பிடிபடவில்லை. "தேறிட்டியளா மதினி?" "முதல் வகுப்புல." அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைக்கிறார். வாயைத் திறக்கவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷன்தான். "ஏறுங்க, வெயிலாயிருக்கு" என்று வண்டித்திரையை விலக்கிப் பிடிக்கிறார். வடிவக்கா கிட்டே போகிறாள். சுருட்டின சீலைப் படத்தையும் பலகையையும் செம்பையும் வண்டிக்குள்ளே வைக்கிறாள், அவள் ஏறவில்லை. "நல்லவேளை வண்டி கொண்டாந்திய. இதையெல்லாம் கிட்டங்கியில எறக்கிருங்க தம்பி, பாத்து, படம் கசங்கப்படாது. நாங்க நடந்து வாரோம்." "நடந்தா? இந்த வெயில்லயா? டவுன் வரைக்குமா? எல்லாரும் பாப்பாங்களே மதினி." "பாக்கட்டும்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். கடைசியில் அவர் உள்ளே குனிந்து படத்தை வெயில் படாத பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்து, வண்டிக்காரனிடம் மெதுவாக ஓட்டச் சொன்னார். வண்டி முன்னே போகிறது. நாங்கள் பின்னே நடக்கிறோம். அவள் என்ன வேகம், வெறுங்காலோடு, சுடுகிற மண்ணில் சிறுபிள்ளை மாதிரி, எனக்கு இரைக்கிறது. மெதுவா அக்கா. "நீங்க வேகமா வாங்க." கடைக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள், ஒருத்தன் கை தராசோடு நின்றுவிட்டது, அவள் யாரையும் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் பார்க்கிறாள், பலகைகளில் எழுதியிருப்பதையெல்லாம் உரக்க வாசித்துக்கொண்டே வருகிறாள், சவுளி, மருந்து, குடை ரிப்பேர். ஆற்றுப் பாலம் வந்தது. பாதிப் பாலத்தில் சட்டென்று நின்றாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிக் கீழே பார்த்தாள். தை மாதத்துத் தண்ணீர், கரை முட்டிப் போகிறது, வெயில் பட்டு அகலமாக, எல்லையில்லாமல் மின்னுகிறது. வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து இதே ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறவள், விடியாத இருட்டில் குறுக்குத்துறையில் முழுகி எழுந்தவள், கால் பட்ட தண்ணீரைத் தவிர ஆற்றைப் பகல் வெளிச்சத்தில் முழுசாகப் பார்த்ததே இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் வரும்போதும் திரை போட்ட வண்டி. பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பேசவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை, பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். "அட சவமே," என்றாள் கடைசியில், "இத்தா பெரிசு கெடக்கு! நான் ஒல்லியா வரைஞ்சுட்டேனே." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நாளைக்கு ரெண்டு சீலையச் சேத்துத் தைக்கணும்."